உக்குவளையில் ஏழு புள்ளிகள்

என் ஆய்வேட்டின் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருந்த ஒரு வரியைக் காப்பாற்றத்தான் இலங்கைக்குப் போனேன். கதிர்காமம் போகிறவர்கள் உண்டு, யானை பார்க்கப் போகிறவர்கள் உண்டு. ஒரு துணைத்தேற்றத்துக்கு வக்காலத்து வாங்கக் கடல் தாண்டிப் போனவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

திருச்சியில் ஒரு மகளிர் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேரமாக ஆறு வருடம் இழுத்த ஆய்வு அது. மொத்தம் நூற்று அறுபத்திரண்டு பக்கம். பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து உக்குவளை என்ற ஊரிலிருந்து நீலநிற ஏர்மெயில் ஒன்று வந்தது. என் சிறு கட்டுரை ஒன்றைத் தான் படித்த பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் பார்த்ததாக ஒரு பள்ளிக்கூட ஆசிரியை எழுதியிருந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ‘மூன்றாம் துணைத்தேற்றத்தில் ஒரு சிறு சந்தேகம். ஏழு புள்ளிகள் எடுத்தால் அது பிழைத்துவிடுகிறது. தவறாக நினைக்க வேண்டாம். ஜெஸீமா.’

தவறாகத்தான் நினைத்தேன். அந்தத் துணைத்தேற்றத்தின் மேல்தான் மீதி நூற்றுச் சொச்சம் பக்கமும் உட்கார்ந்திருந்தது. இரண்டு பதில் எழுதினேன், இரண்டுக்கும் மரியாதையாக மறுப்பு வந்தது. போர்நிறுத்தம் வந்து தெருக்களில் கொஞ்சம் மூச்சு விட முடிந்த காலம். கண்டியில் ஒரு கருத்தரங்குக்கு அழைப்பு வந்ததும் பெட்டியைக் கட்டினேன். கருத்தரங்கு ஒரு சாக்கு. நேரில் உட்கார்ந்து அந்த ஆசிரியைக்குப் புரியவைத்துவிட்டு வருவதுதான் திட்டம்.

என் பாடம் என்ன என்று கேட்டவர்களில் பாதிப் பேர் நான் பதிலை முடிக்கும் முன்னே காபி போடப் போய்விடுவார்கள். ஆனாலும் சொல்கிறேன், கஷ்டமே இல்லை. தாளில் ஏழெட்டுப் புள்ளிகள் வையுங்கள். சில புள்ளிகள் சிலவற்றுக்கு மேல்படியில் நிற்கின்றன. யார் யாருக்கு மேலே என்பதுதான் அங்கே அருகு, தூரம் எல்லாமே. அளவுகோலுக்கு வேலை இல்லை. இதற்கு முடிவுறு இடவியல் வெளி என்று பெயர். இப்படி நாலே நாலு புள்ளிகளை வைத்து ஒரு முழு வட்டத்தின் குணத்தைக் கொண்டுவந்துவிடலாம். முதன்முதலில் இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். இனி அந்தப் புள்ளிகளுக்கு இடையே அம்புகள் போட்டு ஓர் எறும்பை விடுங்கள். அது எங்கே சுற்றிக்கொண்டே இருக்கும், எங்கே நின்றுவிடும் என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு.

நான் நிரூபித்திருந்தது இது: மேலே போக ஒரே ஒரு வழி மட்டும் உள்ள புள்ளியைப் படத்திலிருந்து தூக்கிவிடலாம். தூக்கினால் வெளியின் வடிவம் மாறாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எறும்பின் சுற்றுகளும் மாறாது என்பது நான் சேர்த்தது. அந்தச் சேர்க்கைதான் நாற்பத்து மூன்றாம் பக்கம்.

கருத்தரங்கு முடிந்த மறுநாள் கண்டி ரயில் நிலையத்துக்குப் போனேன். வாசலில் பை சோதனை. போலீஸ்காரர் என் புடவைகளைக் கண்ணியமாக ஒதுக்கிவிட்டு, அடியில் இருந்த தாள்களை எடுத்தார். புள்ளிகள், அம்புகள், மறுபடி புள்ளிகள். அவர் முகம் மாறியது. எனக்குச் சிங்களத்தில் ஒரு வார்த்தை தெரியாது. பின்னால் வரிசையில் நின்ற, குடை வைத்திருந்த ஒரு பெரியவர் துபாஷியாக வந்து சேர்ந்தார்.

“இது எந்த எடத்து மேப்புன்னு கேக்குறாருங்கம்மா.”

“எந்த இடமும் இல்லைன்னு சொல்லுங்க.”

“எந்த எடத்திலும் இல்லாத எடத்துக்கு மேப் போட்டிருக்காங்கன்னு சொன்னா, என்னையும் சேர்த்துல்ல உள்ளுக்கு வைப்பாரு?”

போலீஸ்காரர் ஓர் அம்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு நிமிரவே இல்லை. வேறு வழி தெரியாமல், “எக்ஸாம், எக்ஸாம்” என்றேன். அவ்வளவுதான், மனிதர் அப்படியே இளகிப்போனார். தாள்களை ஓரம் பார்த்து அடுக்கி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். தன் மகளும் கணக்கில்தான் இரண்டு தரம் கோட்டை விட்டிருக்கிறாள், இந்த அம்மாவாவது பாஸாகட்டும் என்றாராம். பெரியவர் மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

உக்குவளைக்கு மாத்தளை ரயிலில் போக வேண்டும், அது ஆற அமரப் போகிற ரயில். நம் பாசஞ்சர் வண்டிகள் இதன் பக்கத்தில் புயல். முக்கோணமாக மடித்து உள்ளே மீன் வைத்த ஒரு பன்னை ஜன்னல் வழியாக வாங்கினேன். காரம் சுள்ளென்று ஏறியது. வேர்க்க விறுவிறுக்க இன்னொன்று வாங்கினேன். வீட்டுக் கொல்லை ஒவ்வொன்றிலும் மிளகுக் கொடி மரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் ஐம்பது கிராம் பொட்டலமாக வாங்குகிற மிளகு, இங்கே கேட்பாரற்றுத் தொங்கியது.

உக்குவளை நிலையத்தில் ஜெஸீமா நின்றிருந்தார். அறுபது வயது கணக்கு வாத்தியாரம்மா ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். வந்து நின்றவருக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. சேலையும் வெள்ளை முக்காடும், விரலில் சாக்பீஸ் தூளும். பக்கத்தில் கணவர் நிஸாம்தீன். வாசனைச் சரக்குக் கடை வைத்திருக்கிறவர், சொந்தமாக ஒரு த்ரீவீலர் ஓட்டுகிறார்.

“வாங்க மிஸ், பயணமெல்லாம் சுகமா? சரியான களைப்பா இருப்பீங்க” என்றார் ஜெஸீமா.

சண்டைக்கு வந்தவளிடம் இப்படிப் பேசினால் நான் என்ன செய்வது? களைப்பே இல்லை என்று சொல்லி, த்ரீவீலரில் ஏறிய இரண்டாம் நிமிடமே தூங்கிப்போனேன். வண்டி முழுக்க ஏலக்காய் மணந்தது.

மறுநாள் காலை இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் முடிந்ததும் ஜெஸீமா மேசையைத் துடைத்தார். தாளை எடுப்பார் என்று பார்த்தேன். மூன்று டின்களை எடுத்துவந்தார். ஏழு ஏலக்காய்களை மேலும் கீழுமாகப் படிக்கட்டு மாதிரி வைத்தார், அவை புள்ளிகள். நடுவில் கராம்பு, நாம் கிராம்பு என்கிறோமே அதுதான். அதற்குத் தலை உண்டு, வால் உண்டு, அதனால் அம்பு. எறும்பு நின்றுவிடும் இடத்தில் ஒரு சாதிக்காய்.

“பலகையில எழுதினா அழிச்சு அழிச்சு எழுதணும் மிஸ். இதுன்னா கராம்ப மட்டும் திருப்பினாப் போதும். ஏ எல் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதமும் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். நல்லா விளங்குது.” ஏ எல் என்பது நம் பிளஸ் டூ மாதிரி.

“கடைச் சரக்குல பாதி இப்படித்தான் போகுது” என்றார் நிஸாம்தீன், கடைக்குக் கிளம்பிக்கொண்டே. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது பெருமைதான்.

ஜெஸீமா ஐந்தாம் ஏலக்காயைத் தொட்டார். அதிலிருந்து மேலே போக ஒரே வழி. என் துணைத்தேற்றப்படி அதைத் தூக்கிவிடலாம். ஆனால் அங்கே வைத்திருந்த கராம்பு மேலே பார்க்கவில்லை, வந்த பக்கமே திரும்பிப் பார்த்தது. எறும்பு ஐந்து வரை வந்து திரும்பிப் போய், மறுபடி ஐந்துக்கு வந்து, இப்படியே சுற்றியது. மேல்பக்கத்தில் வேறொரு சுற்று தனியாக ஓடியது. ஆக இரண்டு சுற்று. இப்போது ஐந்தாம் ஏலக்காயை எடுத்தார். இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே சுற்றாகிவிட்டது.

“ரெண்டு இருந்த இடத்துல ஒன்னுன்னு வருது மிஸ். அதான் பிழை.”

நான் விடவில்லை. பகல் முழுக்கக் கராம்புகளைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். மேசையெல்லாம் வாசனை, எனக்குள் மட்டும் புகைச்சல். கடைசியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். மேலே போக ஒரே வழி இருக்கும்போது அதில் போகாமல் திரும்புகிற இயக்கம் செயற்கையானது, இயல்பான எந்த இயக்கமும் அப்படிச் செய்யாது என்று வாதாடினேன்.

“யாராவது அப்படிப் பாதி வழியில திரும்புவாங்களா, சொல்லுங்க?”

“திரும்பக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கீங்களா மிஸ்?”

எழுதவில்லை. இனிமேல் எழுதிக்கொள்கிறேன் என்றேன். ‘இயக்கம் இயல்பானதாயின்’ என்று ஒரு வார்த்தை சேர்த்தால் தீர்ந்தது என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு மட்டமான சப்பைக்கட்டு என்று எனக்கே தெரிந்தது. ஜெஸீமா ஏலக்காய்களை டின்னில் அள்ளிப்போட்டார். எனக்குப் பயமாக இருந்தது, அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆறு வருடம். பிள்ளைகளின் பரீட்சை, மாமியாரின் அறுவை சிகிச்சை, கல்லூரிக் கலைநிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் இடையே திருடித் திருடி எழுதிய ஆறு வருடம்.

மூன்றாம் நாள் பல்லேபொலவில் இருக்கும் ஜெஸீமாவின் உம்மா, அதாவது அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. நிஸாம்தீனுக்குக் கடையில் வேலை, நாங்கள் இருவரும் மாத்தளை போய் அங்கிருந்து தனியார் பஸ் பிடித்தோம். முன் இருக்கை காலியாக இருந்தது. அதிர்ஷ்டம் என்று போய் உட்கார்ந்தேன். பஸ்ஸே என்னைப் பார்த்தது. அது பிக்குமாருக்கு ஒதுக்கிய இருக்கை என்று ஜெஸீமா காதில் சொன்னதும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். நம் ஊரில் மகளிர் இருக்கையில் உட்கார்ந்த ஆண்களை எத்தனை தரம் எழுப்பியிருக்கிறேன்! அந்தப் பாவமெல்லாம் அன்று கழிந்திருக்கும்.

பாட்டு அலறியது, பஸ் பறந்தது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் இறங்கி, பல்லேபொலவுக்கு முன்னால் ஒரு சந்தி வந்தபோது ஐந்து பேர்தான் மிச்சம். நாங்கள் இருவர், கைக்குழந்தையோடு ஒரு பெண், சிமெண்டு மூட்டைக்காரர் ஒருவர், தூங்குகிறவர் ஒருவர். அங்கிருந்து பல்லேபொலவுக்கு ஒரே ரோடு. பஸ் நின்றது.

“எறங்குங்க, எறங்குங்க. பஸ் திரும்புது” என்றார் கண்டக்டர். தேயிலைத் தோட்டப்பக்கத்துத் தமிழ் இளைஞர்.

எனக்கு வந்ததே கோபம். “டிக்கெட் பல்லேபொலவுக்குத்தானே கொடுத்தீங்க? பாதி வழியில இறக்கி விடுறது என்ன நியாயம்?”

“கோவிச்சுக்காதீங்கக்கா. அஞ்சு பேர ஏத்திக்கிட்டு அவ்வளவு தூரம் போய் என்னா செய்யிறது? அந்தப் பக்கத்திலேருந்து ஒரு பஸ் வரும், அதுல ஏத்தி விடுறேன். ஒரே டிக்கெட்தான்.”

“தெனமும் இப்படித்தான் மிஸ்” என்றார் ஜெஸீமா அலட்டிக்கொள்ளாமல், இறங்கியபடியே.

சந்தியில் ஒரு தேநீர்க் கடை. முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தேன். பல்லேபொலப் பக்கமிருந்து பஸ் வந்தது. அதிலும் நாலைந்து பேர்தான். அதுவும் நின்று, ஆட்களை இறக்கிவிட்டு, மூக்கைத் திருப்பியது. அதில் வந்தவர்கள் இதில் ஏறினார்கள், இதில் வந்தவர்கள் அதில் ஏறினார்கள். எங்கள் பஸ் மாத்தளைக்கே திரும்பிப் போகத் தயாரானது. அந்த பஸ் பல்லேபொலவுக்கே திரும்பிப் போகத் தயாரானது. ரோடு ஒன்றுதான். ஓடுகிற சுற்று இரண்டு. நடுவில் இந்தச் சந்தி.

நான் எழுந்து நின்றுவிட்டேன். “ஜெஸீமா, அஞ்சாம் ஏலக்காய்!”

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார், பஸ்களைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். எத்தனையோ வருடமாக அந்தச் சந்தியில் இறங்கி ஏறுகிறவருக்கும் அதுவரை தோன்றியிருக்கவில்லை. எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் ஆறு வருடம் கண்ணெதிரே கவிழ்ந்துகொண்டிருந்தது, நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். துணைத்தேற்றம் செத்தது. செத்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். நெஞ்சில் இருந்த கல் இறங்கியது மாதிரி இருந்தது.

“அக்கா, ஏறுங்க! இதான் போற பஸ்!” என்று கண்டக்டர் கத்தினார்.

“நீங்க போங்க தம்பி. நாங்க அடுத்ததுல வர்றோம்.”

இறக்கிவிட்டதற்குச் சண்டை போட்டவள், ஏறச் சொன்னால் மாட்டேன் என்கிறாள். அவர் தலையில் தட்டிக்கொண்டு ரைட் கொடுத்தார்.

கடையில் கடலை வாங்கினோம். பொட்டலத்துத் தாள் எழுத, கடலைகள் புள்ளிகளாக. சந்தியைத் தூக்கினால் இரண்டு சுற்று ஒன்றாகிறது, சரி. மூன்று ஒன்றாகுமா? சுற்றே காணாமல் போகுமா? புதுச் சுற்று முளைக்குமா? கடலைகளை மாற்றி மாற்றி வைத்தோம். நான் அவசரப்பட்டு மூன்று என்பேன், ஜெஸீமா ஒரு கடலையை நகர்த்தி இல்லை என்பார். சீனி வேறாக வந்த, பால் சேர்க்காத சாயத் தேநீர் ஒன்று, இரண்டு, மூன்று ஆனது. மூன்றாவது டம்ளரில் ஜெஸீமா நிமிர்ந்தார்.

“ஒரு புள்ளியத் தூக்கினா, கூடிப்போனா ரெண்டு சுற்று ஒன்னாச் சேரும் மிஸ். அவ்வளவுதான். எந்தச் சுற்றும் அழியாது, புதுசாவும் வராது. மேல போக வழி ஒன்னே ஒன்னுதானே? அப்ப ஒட்டுறதுக்கும் ஒரு இடம்தானே இருக்கு.”

அதை மூன்று முறை சொல்லவைத்தேன். மூன்று முறையும் நின்றது. என் துணைத்தேற்றம் ‘ஒன்றும் மாறாது’ என்றது, அது பொய். ‘இவ்வளவுதான் மாறும்’ என்பது மெய். நான் வேண்டாத புள்ளி என்று தூக்கி எறிந்தவைதான் சுற்றுகளைப் பிரித்து வைத்திருந்த இடங்கள். அவற்றை எண்ணினாலே சுற்றுகளுக்கு ஒரு கணக்கு வந்துவிடும். தாளில் இடம் போதாமல் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்திலும் எழுதினேன்.

கடைக்காரர் சிங்களத்தில் யாரிடமோ என்னவோ சொன்னார். ஜெஸீமா சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: “கணக்கு டீச்சர்மாருக்கு வீடு வாசல் இல்லையான்னு கேக்குறாரு.”

எங்கள் பழைய பஸ் மாத்தளை போய், இன்னொரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு மறுபடி வந்து நின்றது. அதே கண்டக்டர் குதித்து இறங்கினார். எங்களைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது.

“இன்னும் போகலையாக்கா நீங்க?”

“நீங்க திரும்பினதுனாலதான் தம்பி ஒரு நல்ல காரியம் நடந்தது. ரொம்ப நன்றி.”

பயணிகள் திட்டித்தான் அவருக்குப் பழக்கம் போலிருக்கிறது. சட்டென்று பஸ்ஸுக்குள் ஏறிக்கொண்டார்.

உம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் மூன்றைத் தாண்டியிருந்தது. உம்மா வாசலிலேயே நின்றார். “அந்தக் கணக்கு எங்கயும் ஓடிப் போகாது புள்ள. சோறுதான் ஆறிப் போகும்” என்று மகளைக் கடிந்துகொண்டு, எனக்கு மட்டும் முகம் மலர்ந்தார். பலாக்காய்க் கறி, கோழி, பருப்பு, அப்பளம். முடிவில் வட்டலப்பம். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்ந்து, வாயில் வைத்ததும் கரைந்தது. மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். திருச்சியில் இப்படிச் சாப்பிட்டால் வீட்டில் டாக்டரைக் கூப்பிடுவார்கள்.

கை கழுவும்போது ஜெஸீமா தயங்கித் தயங்கிச் சொன்னார். “கட்டுரை போடும்போது அடியில எனக்கு ஒரு நன்றி போட்டீங்கன்னாப் போதும் மிஸ். நான் வெறும் ஸ்கூல் டீச்சர்தானே.”

மறுபடியும் கோபம் வந்தது எனக்கு. “நன்றி போடுறதாவது! தேற்றமே உங்களுது. ரெண்டு பேரும் சேர்ந்து எழுதறோம், உங்க பேர்தான் முதல்ல வரும். மாட்டேன்னு சொன்னீங்கன்னா நான் இங்கேயே உட்கார்ந்து வட்டலப்பத்தைக் காலி பண்ணிடுவேன்.”

அவர் கண் கலங்கியது. பிறகு மெதுவாக, “சரி தாத்தா” என்றார். அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அதன்பின் அவர் என்னை ஒரு தரம்கூட மிஸ் என்று சொல்லவில்லை.

நான்காம் நாள் காலை மாத்தளையில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் நுழைந்தேன். கண்ணாடிக் கூண்டு, உள்ளே தொலைபேசி. வெளியே ஜெஸீமா, பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து நின்றார். திருச்சியில் என் ஆய்வு வழிகாட்டி எடுத்தார். பொறுமைசாலிதான், ஆனாலும் இந்தச் செய்திக்கு அவர் பொறுமை தாங்குமா என்று தெரியாது.

“சார், மூன்றாம் துணைத்தேற்றம் தப்பு. அந்த டீச்சர் சொன்னதுதான் சரி.”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“என்னம்மா, அழறியா? சிரிக்கிற மாதிரி கேக்குது.”

“சிரிக்கத்தான் செய்யறேன் சார்.”

“எத்தனை பக்கம் தேறும்?”

நேற்று இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்துவிட்டோம். தப்பின் மேல் கட்டியது எதுவும் நிற்காது. அதற்கு முன்னால் இருந்தவற்றிலும் முக்கால்வாசி, இனித் தேவைப்படாத முன்னேற்பாடுகள்தான்.

“பதினொன்று சார்.”

“நூற்று அறுபத்திரண்டில் பதினொன்று.” அவர் மூச்சை இழுத்து விட்டது எனக்குக் கேட்டது. “அந்தப் பதினொன்றும் சரியா?”

“சரி சார். புதுத் தேற்றம் ஒன்றும் இருக்கு. இன்னும் எழுதி முடிக்கலை.”

நான் நடந்ததைச் சொன்னேன். ஏலக்காய், கராம்பு, பஸ் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரு கேள்வி கேட்டார், அது நல்ல கேள்வி. அதற்கு ஜெஸீமா நேற்றே பதில் வைத்திருந்தார். அதையும் சொன்னேன்.

“கல்லூரிக்கு நான் பேசிக்கிறேன். இன்னும் ஒரு வாரம் இருந்துட்டு வா” என்று சொல்லி வைத்துவிட்டார்.

கூண்டை விட்டு வெளியே வந்தேன். ஜெஸீமா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை போலிருக்கிறது, கையில் இருந்த பையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“என்ன சொன்னாரு தாத்தா?”

“பன்னிரண்டாம் பக்கத்தை எழுதச் சொன்னார்.”